சிடுசிடுப்பும் சோர்வும்: குழந்தையின் தட்டில் என்ன குறைகிறது?

"பையன் ஒரு எடத்துல அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டேங்கறானுங்க", "புள்ள எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறா", "கிளாஸ்ல தூங்கி வழியறான்னு டீச்சர் சொல்றாங்க". அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி வட்டாரக் கிராமங்களில் இந்தப் பேச்சு சாதாரணமாகக் காதில் விழுகிறது. சிலர் செல்போனைக் குறை சொல்வார்கள், சிலர் வளர்ப்பைக் குறை சொல்வார்கள். குழந்தை காலையிலிருந்து என்ன சாப்பிட்டது என்று கேட்பவர்கள் குறைவு.

பனியன் கம்பெனி பஸ் காலையிலேயே ஊருக்குள் வந்துவிடுகிறது. அப்பா தோட்டத்தில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றப் போயிருப்பார். அம்மா கம்பெனிக்குக் கிளம்புவார். குழந்தைக்குக் கையில் கிடைப்பது ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு அம்மா இரவில் திரும்பும்வரை பேக்கரி பன்னும் பத்து ரூபாய் பாக்கெட்டும்தான் துணை. இது பெற்றவர்களின் அக்கறைக் குறைவு அல்ல, நேரம் இல்லாததால் வந்த பழக்கம். ஆனால் அதன் பலன் குழந்தையின் உடம்பில் மட்டுமல்ல, குணத்திலும் தெரியும்.

காலைப் பசி

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட குழந்தை மதிய உணவு வரை வெறும் டீயோடு இருந்தால், இடைவெளி பதினாறு மணி நேரம். மூளை இடைவிடாமல் வேலை செய்யும் உறுப்பு, அதற்குக் குளுக்கோஸ் வேண்டும். அது குறையும்போது கவனம் சிதறும், கோபம் வரும், தூக்கம் வரும்.

தமிழ்நாடு இதைப் பல காலமாக அறிந்த மாநிலம். 1956-ல் காமராஜர் பள்ளி மதிய உணவைத் தொடங்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 அரசு தொடக்கப் பள்ளிகள், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 31,008 பள்ளிகள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று காய்கறிச் சாம்பாரோடு கிடைக்கிறது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளை அரை மணி நேரம் முன்னதாக அனுப்பி, அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட வைப்பது பெரிய உதவி. ஆனால் இத்திட்டம் 5-ஆம் வகுப்போடு நின்றுவிடும். ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குக் காலை உணவு வீட்டுப் பொறுப்பு.

இரும்புச் சத்து

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 2015-16-ல் சுமார் 51 சதவீதம். 2019-21-ல் அது 57 சதவீதமாக உயர்ந்துவிட்டது.

இரும்புச் சத்து ரத்தத்துக்கு மட்டும் தேவை என்று நினைக்கிறோம். மூளையில் கவனத்தையும் மனநிலையையும் நடத்தும் ரசாயனங்கள் உருவாகவும் அது வேண்டும். இது குறைந்த குழந்தை சோர்ந்து கிடக்கும், அல்லது காரணமில்லாமல் அழும், எரிந்து விழும். மண், சாக்பீஸ், பச்சரிசி ஆகியவற்றைத் தின்னும் பழக்கம் இருந்தால், அதட்டுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குச் செலவில்லை.

100 கிராம் தீட்டிய அரிசியில் இரும்புச் சத்து 1 மில்லிகிராம்கூட இல்லை. கம்பில் சுமார் 6, ராகியிலும் முருங்கைக் கீரையிலும் நாலரை மில்லிகிராம் அளவுக்கு உண்டு. ராகியில் சுண்ணாம்புச் சத்தும் 350 மில்லிகிராமுக்கு மேல். அப்பாரு காலத்தில் கம்பஞ்சோறும் ராகிக் களியும் தினச் சாப்பாடு. இன்று பல தோட்டங்களில் சோளம் மாட்டுக்கும் மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்கும் போகின்றன. வீட்டுக்கு அரிசி வருகிறது.

டீயில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின், உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. சாப்பாட்டோடும், சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளும் டீ வேண்டாம். கீரையோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

சாயம் போட்ட தின்பண்டம்

சாயம் என்றால் என்ன என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் பஞ்சு மிட்டாயில் இருப்பது ஆய்வகத்தில் உறுதியானதால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது.

உணவுக்கென அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்களிலும் கவனம் வேண்டும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் சுமார் 300 குழந்தைகளுக்குச் செயற்கை நிறமும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தையும், அவை இல்லாத பானத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. முடிவு 2007-ல் வெளிவந்தது. நிறம் கலந்ததைக் குடித்த காலத்தில் அமைதியின்மை சற்றுக் கூடியது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவில் அல்ல. சிலருக்கு அதிகம், சிலருக்கு ஒன்றுமில்லை. 2010 முதல் ஐரோப்பிய நாடுகளில் இந்த நிறங்கள் உள்ள பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். பாக்கெட்டின் பின்பக்கம் 102, 110, 122, 124 என்ற நிற எண்களும் 211 என்ற பதப்படுத்தி எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தால், தங்கள் குழந்தைக்கு அது ஒத்துக்கொள்கிறதா என்பது ஓரளவு புரியும்.

வீட்டுக்கு ஆகும் வழிகள்

* இரவே கம்பு அல்லது ராகிக் கூழ் காய்ச்சி வைத்தால், காலையில் மோர் ஊற்றிக் கரைத்துக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும்.
* கறக்கும் பாலில் குழந்தைக்கு ஒரு டம்ளரை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சொசைட்டிக்கு ஊற்றுங்கள். நாட்டுக்கோழி முட்டையும் அப்படியே.
* மாலைக்குக் கடலை உருண்டை, அவித்த தட்டைப்பயறு, கொள்ளுச் சுண்டல். அரிசி பருப்புச் சாதம் வைக்கும் நாளில் ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை.
* வாய்க்கால் ஓரம் இரண்டு முருங்கை, ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை. சொட்டுநீர்க் குழாயின் கடைசி முனைத் தண்ணீரே போதும்.
* பிப்ரவரி, ஆகஸ்டில் பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிட வேண்டாம்.

வாசகர்கள் கேட்பவை

*சர்க்கரை தின்றால் குழந்தை அடங்காமல் ஆடுமா?*

அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. ஆனால் பல சோதனைகளைத் தொகுத்து 1995-ல் வெளியான ஆய்வு, சர்க்கரை நடத்தையை மாற்றுவதில்லை என்று காட்டியது. சொத்தைப் பல்லும், இனிப்பால் பசி அடங்கி நல்ல சாப்பாட்டை ஒதுக்குவதும்தான் உண்மையான கெடுதல்.

*எனர்ஜி டிரிங்க் கேட்டு அடம் பிடிக்கிறான். கொடுக்கலாமா?*

கூடாது. அதில் காபியில் இருப்பதுபோல் காஃபீன் உண்டு. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று பாட்டிலிலேயே அச்சிட்டிருப்பார்கள். இரவுத் தூக்கம் கெட்டால் மறுநாள் சிடுசிடுப்பு நிச்சயம்.

*சாப்பாட்டை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா?*

பசியாலும் சத்துக் குறைவாலும் வந்தது மாறும். ஆனால் ரத்தசோகை தீர மாதக்கணக்கில் ஆகும், மருத்துவர் சொல்லும் இரும்பு மருந்தும் தேவைப்படலாம். நல்ல சாப்பாடும் தூக்கமும் கொடுத்தும் கவனமின்மை, அடங்காத துடிப்பு, பேச்சில் தாமதம் தொடர்ந்தால், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ அரசு மருத்துவமனைக் குழந்தை மருத்துவரிடமோ காட்ட வேண்டும். அது அடித்துத் திருத்தும் குணம் அல்ல.