பதினான்காவது நகர்வு

கோவில்பட்டியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஓப்பனிங் பாடத்தை ஆரம்பிக்கும்போது நான் போர்டில் வைத்துக் காட்டுவது 2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் ஆனந்தும் கிராம்னிக்கும் உலகப் பட்டத்துக்காக ஆடிய மூன்றாவது ஆட்டத்தை.

ஆனந்துக்குக் கறுப்பு. ஸ்லாவ் குடும்பத்தில் 'மெரான்' என்னும் பழைய லைன். பதின்மூன்று நகர்வு வரை ஏற்கெனவே பலர் ஆடியதுதான். பதினான்காவதில் ஆனந்த் தன் பிஷப்பை பி7-க்குக் கொண்டுவந்தார். பக்கத்தில் பி5-இல் நின்ற சிப்பாயை எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார். அவருடைய ராஜாவோ காஸ்லிங் செய்யாமல் நடுவிலேயே நிற்கிறது. என்ன தைரியம் என்று பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அப்போது நான் கேட்பேன்: "கறுப்புக்கு ஜி வரிசையில் சிப்பாய் இருக்கா, பாருங்க." இருக்காது. முந்தைய வெட்டில் அது எஃப்6-க்குப் போய்விட்டது. வரிசை திறந்து கிடக்கிறது. யானை ஜி8-க்கு வந்தால் வெள்ளை ராஜாவை நேராகப் பார்க்கும். பி7 பிஷப் மூலைவிட்டமாக அதே ராஜாவின் வாசலுக்குக் குறிவைக்கும். ஒரு சிப்பாய்க்கு இது நல்ல விலை.

கிராம்னிக் தோற்றார். ஐந்தாவது ஆட்டத்தில் அதே லைனுக்கு மறுபடி வந்தார், மறுபடி தோற்றார். ஆனால் அந்த இரண்டாவது வெற்றி எப்படி வந்தது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். இருபத்தொன்பதாவது நகர்வில் கிராம்னிக் டி4 சிப்பாயைக் குதிரையால் எடுத்தார். சில நகர்வுகள் கழித்து ஆனந்தின் குதிரை ஈ3-இல் பாய்ந்ததும் ஆட்டம் முடிந்துபோனது. வீட்டில் தயாரித்துக் கொண்டுவந்தது ஆரம்பப் பகுதி மட்டுமே. வெற்றியைத் தந்தது அதன் பிறகு போர்டின் முன் உட்கார்ந்து போட்ட கணக்கு. எதிராளி கடிகாரம் ஓட ஓடத் தனியாக யோசிக்க வேண்டும், நமக்கு அந்த இடம் பழகியிருக்க வேண்டும். புது நகர்வின் பலன் அவ்வளவுதான், அதுவே பெரிது.

இன்று ஸ்டாக்ஃபிஷ் என்னும் செஸ் இன்ஜின் எல்லார் போனிலும் இலவசமாக இருக்கிறது. அது முதலாவதாகக் காட்டும் நகர்வை எதிராளியும் மனப்பாடம் செய்திருப்பார். அதனால்தான் பெரிய ஆட்டக்காரர்கள் பெரும்பாதையை விட்டுச் சைடுலைனுக்குத் திரும்பியிருக்கிறார்கள். 2023-இல் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சிக்கு எதிராக டிங் லிரன் நான்காவது நகர்விலேயே ஓரச் சிப்பாயை எச்3-க்குத் தள்ளினார். உலகமே வியந்தது, ஆனால் அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார். மறுவருடம் சிங்கப்பூரில் பதினொன்றாவது ஆட்டத்தில் நம் குகேஷ் மூன்றாவது நகர்வில் பி4 ஆடினார். டிங்குக்கு ஆரம்பத்திலேயே நேரம் கரைந்தது. கடைசியில் நேர நெருக்கடியில் ராணியைத் தவறான கட்டத்தில் வைத்தார். இரண்டும் ஆச்சரியம் தந்த நகர்வுகளே. ஆச்சரியம் மட்டும் புள்ளி தராது.

"மிஸ், ஏழெட்டு மூவ்லயே ஜெயிக்கிற மாதிரி ஏதாவது சொல்லிக்குடுங்களேன்" என்று பெற்றோர் கேட்கிறார்கள். ட்ராப் வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்பது. நான் சொல்லித்தருவதில்லை. எதிராளிக்குப் பதில் தெரிந்திருந்தால், எட்டாவது நகர்வில் பிள்ளை ஒன்றும் புரியாத இடத்தில் திகைத்து நிற்கும்.

அதற்குப் பதில் அலாபின் என்னும் ஓப்பனிங்கைக் கொடுக்கிறேன். ஈ4-க்கு எதிராளி சி5 என்று சிசிலியன் ஆடினால், பெரும்பாதையில் நைடார்ஃப், டிராகன் என்று இருபது நகர்வைத் தாண்டியும் தியரி நீளும். பள்ளிப் பாடத்தோடு இதையும் பிள்ளை எங்கே படிப்பது? இரண்டாவது நகர்வில் சி3 ஆடினால், டி4-இல் சிப்பாயை நிறுத்தத் தயாராகிறோம். கறுப்பு முக்கியமாகச் செய்யக்கூடியவை இரண்டு: டி5, அல்லது குதிரை எஃப்6. இதற்கும் ஒரு விலை உண்டு. சி3 குதிரைக்கு உரிய கட்டம். அதில் சிப்பாய் போய் உட்கார்ந்துவிட்டதால், டி5-க்கு வரும் கறுப்பு ராணியைக் குதிரையால் உடனே விரட்ட முடியாது. பல சமயம் நம் டி4 சிப்பாய் துணையில்லாமல் தனியாக நிற்கும். காய்கள் நிறைய இருக்கும்வரை அது பலம்: ஈ5-இல் நம் குதிரைக்கு ஆதரவு, தாக்க இடம். காய்கள் வெட்டுப்பட்டுக் குறைந்தால் அதுவே சுமை. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அடுத்த நகர்வு மறந்துபோனாலும் கை நடுங்காது.

அடுத்த டோர்னமெண்டுக்குப் பிள்ளையை அழைத்துப்போகும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் ஸ்கோர்ஷீட்டை வாங்கி, "எந்த நகர்விலிருந்து நீயா யோசிச்சு ஆடுன?" என்று கேளுங்கள். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குகிறேன்.