டயர் வாங்கும்போது பொடி எழுத்தையும் பாருங்கள்!

சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் விளக்கு, காரியர், பை எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். டயர் விஷயத்தில் மட்டும் கடைக்காரர் கொடுத்ததைக் கொண்டு வந்துவிடுகிறார்கள். மூட்டையோடு மலைச்சாலையில் வேகமாக இறங்கும்போது உயிரைத் தாங்குவது அந்த டயர்தான் அல்லவா?

"28 அங்குல டயர்" என்று கேட்டால் எல்லாம் ஒரே அளவு என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பால்காரர் ஓட்டும் பெரிய சைக்கிளின் டயர் 28 x 1½. அது உட்காருமிடத்தில் ரிம்மின் குறுக்களவு 635 மில்லி மீட்டர். நீண்ட பயணத்துக்கென்று செய்யும் சைக்கிள்களில் இன்று அதிகமாக வருவதோ 622. இதற்கும் 28 என்றே பெயர்! பெரிய டயரைச் சிறிய ரிம்மில் மாட்டினால் சுலபமாக ஏறிவிடும். காற்றடித்தால் அதே சுலபத்தோடு கழன்றும் விடும்.

ஆகவே டயரின் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இரட்டை எண்ணைத் தேடுங்கள். 37-622 என்றிருந்தால் 37 என்பது டயரின் அகலம், 622 குறுக்களவு. குறுக்களவு ரிம்மோடு அப்படியே ஒத்திருக்க வேண்டும். அதில் பேரமே கிடையாது. அகலத்தில்தான் நமக்குக் கொஞ்சம் இடம் உண்டு.

எவ்வளவு இடம்?

ரிம்மின் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து கொள்ளுங்கள். டயரின் அகலம் அதைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல், இரண்டு மடங்கை ஒட்டி இருப்பது நல்லது. 19 மி.மீ. ரிம்முக்கு 28 முதல் 44 வரை போடலாம் என்கின்றன பழைய பட்டியல்கள். புதியவை இன்னும் தாராளம். சுமையோடு போகிறவருக்கு 37 கச்சிதம் என்பேன்.

குறுகிய ரிம்மில் மிகப் பருத்த டயரைப் போட்டால் வளைவில் அது பக்கவாட்டில் நெளியும். அகன்ற ரிம்மில் ஒல்லி டயரோ, பள்ளத்தில் இறங்கியதும் ட்யூபை நசுக்கிப் பாம்பு கடித்தது போல் இரண்டு துளை போட்டுவிடும். ரிம்மின் ஓரமும் வளையும்.

பருத்த டயருக்கு அதிகக் காற்று வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் மாறானது! ஒரே அழுத்தத்தில், அகலம் கூடக்கூட டயர் ரிம்மின் ஓரங்களைப் பிளக்கும் பலமும் கூடுகிறது. பிரேக் கட்டை தேய்த்துத் தேய்த்து மெலிந்த ரிம் அதைத் தாங்காது, வெடித்துவிடும். 37 அகல டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டையொட்டி அடித்தால் பெரும்பாலோருக்குப் போதும். பாரம் பின்னால்தான் அதிகம். அங்கே சற்றுக் கூட்டலாம். டயரில் அச்சிட்ட உச்ச அளவை மட்டும் தாண்டக் கூடாது.

பருத்த டயர் வேகத்தைக் குறைக்காதா? வழவழப்பான பந்தய மைதானத்தில் ஒருவேளை குறைக்கலாம். கரடுமுரடான சாலையில் ஒல்லி டயர் குதித்துக் குதித்தே நம் பலத்தை வீணாக்குகிறது. சைக்கிள் பயணத்தை ஒரு கலையாகவே வளர்த்த பிரெஞ்சுக்காரர்கள் 584 குறுக்களவு ரிம்மில் 42 மி.மீ. டயர் போட்டு மலையெல்லாம் ஏறினார்கள்.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு பென்சிலாவது தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மழைச்சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்.

உங்களுடையது 622 ஆனால், மடித்து வைக்கக்கூடிய டயர் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். வழியில் கிராமத்துக் கடையில் தொங்குவது பெரும்பாலும் 635 ஆகத்தான் இருக்கும்.