முதல் பாண்ட் படம்: திரையில் தெரியாத ஹீரோக்கள்!

வெள்ளை வட்டத்துக்குள்ள, தொப்பி போட்ட ஒருத்தர் நடந்து வருவார். சட்டுனு திரும்பி உங்களைப் பார்த்துச் சுடுவார். 1962-ல வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'டாக்டர் நோ' இப்படித்தான் ஆரம்பிக்கும். சுடுறது ஹீரோ ஷான் கானரினுதானே நினைக்கிறீங்க? இல்லை, ஸ்டன்ட் கலைஞர் பாப் சிம்மன்ஸ்!

டெரன்ஸ் யங் இயக்கிய இந்தப் படத்துல இப்படி மறைஞ்சிருக்கிறவங்க நிறைய பேர். கடல்ல இருந்து எழுந்து வர்ற உர்சுலா ஆண்ட்ரெஸ்ஸை யாரும் மறக்க மாட்டாங்க. ஆனா, அவர் பேசுறப்போ நாம கேட்குறது நிக்கி வான் டெர் சில் என்ற டப்பிங் கலைஞரோட குரல். பாடினது டயானா கூப்லாண்ட். டைட்டில்ல ரெண்டு பேர் பெயரும் கிடையாது.

வில்லனோட ரகசிய இடத்தை, பைன்வுட் ஸ்டுடியோவில் சின்ன பட்ஜெட்டிலேயே பிரமாண்டமா செட் போட்டவர் கென் ஆடம். படம் பார்த்து அசந்துபோன ஸ்டான்லி குப்ரிக், 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்துக்கு அவரை அழைச்சுக்கிட்டார்.

அந்த தீம் மியூசிக்? மெட்டு மான்டி நார்மனோடது. அதுக்கு வாத்தியங்களைச் சேர்த்து மெருகேத்தினவர் ஜான் பேரி. 'இசையே பேரிதான்' என்ற தொனியில் எழுதின லண்டன் பத்திரிகை மேல அவதூறு வழக்கு போட்டு, 2001-ல ஜெயிச்சார் நார்மன். தன் பெயருக்காக, கிட்டத்தட்ட 40 வருஷம் கழிச்சும் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது!

அடுத்த முறை 'ஸ்கிப் இன்ட்ரோ' பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க. அந்த டைட்டில்ல பெயர் இருக்கிறவங்களோட, இல்லாதவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.