உங்களுக்குத் தெரியுமா? சியா வேறு, சப்ஜா வேறு!

ஃபலூடாவில் மிதக்கும் சப்ஜா, திருநீற்றுப்பச்சிலையின் விதை. சியாவின் தாயகமோ மெக்சிகோவும் குவாத்தமாலாவும். அஸ்டெக் பேரரசுக்கு மக்கள் இதை வரியாகவே செலுத்தினார்கள். சப்ஜா முழுக்கக் கறுப்பு; சியாவை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் சாம்பலும் பழுப்புமாய் வரிகள் தெரியும்.

முட்டையில்லா கேக் செய்ய, ஒரு முட்டைக்குப் பதில் 1 மேசைக்கரண்டி சியா, 3 மேசைக்கரண்டி தண்ணீர் கலக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கிளறுங்கள். இல்லாவிட்டால் அடியில் கட்டி தட்டும். 15 நிமிடத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி போன்ற வழவழப்பு உறை உருவாகிவிடும். மாவைப் பிடித்து நிறுத்துவது அதுதான். ஆனால், முட்டை வெள்ளைக்கருபோல் நுரைக்காது.

சியா தன் எடையைப்போல் சுமார் 10 மடங்கு நீரை உறிஞ்சும். எனவே, உலர்ந்த விதையை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்காதீர்கள். உணவுக்குழாயில் உப்பி அடைத்துக்கொள்ளக்கூடும். ஊறிய பிறகே உண்ணுங்கள்!