தோற்பவருக்கும் ஒரு நாற்காலி

சென்ற வாரம் அங்கோலாவில் நிறுத்தினோம். 1992 செப்டம்பர் மாதக் கடைசியில் அங்கே சமாதான ஒப்பந்தப்படி தேர்தல் நடந்தது. தோல்வி தெரிந்ததும் கிளர்ச்சித் தலைவர் ஜோனஸ் சவிம்பி அதை மோசடி என்று அறிவித்துவிட்டு மறுபடி துப்பாக்கியைத் தூக்கினார். 2002 பிப்ரவரியில் அவர் கொல்லப்படும்வரை அந்த நாட்டில் போர் ஓயவில்லை. சவிம்பி முரண்டு பிடிக்கத் தொடங்கிய அதே நாட்களில், 1992 அக்டோபர் 4 அன்று, ரோம் நகரில் இன்னொரு முன்னாள் போர்த்துகீசியக் காலனியின் போருக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. அந்த நாடு மொசாம்பிக். இரண்டும் 1975-ல் விடுதலை பெற்றவை. இரண்டிலும் மார்க்சியம் பேசிய ஒரு கட்சி ஆட்சி. இரண்டிலும் அதை எதிர்த்து, வெளியார் ஆயுதத்தில் வளர்ந்த ஒரு கிளர்ச்சிப்படை. அங்கோலாவில் உடைந்த ஒப்பந்தம் மொசாம்பிக்கில் எப்படி நிலைத்தது?

மொசாம்பிக்கின் கிளர்ச்சிப்படைக்கு ரெனாமோ என்று பெயர். அதை உருவாக்கியது அன்றைய ரொடீசியாவின் உளவுத்துறை. வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த போராளிகளுக்கு மொசாம்பிக் இடம் கொடுத்ததற்கான பழிவாங்கல் அது. 1980-ல் ரொடீசியா ஜிம்பாப்வே ஆனதும் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு அந்தப் படையைச் சுவீகரித்துக்கொண்டது. ரெனாமோ ரயில் பாதைகளைத் தகர்த்தது, பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் எரித்தது, சிறுவர்களைப் பிடித்துப்போய்க் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது. 1987 ஜூலையில் ஹோமோயின் என்ற சிற்றூரில் மட்டும் 424 பேர் கொல்லப்பட்டதாக அரசு அறிவித்தது. போரும் அது கொண்டுவந்த பஞ்சமும் சேர்ந்து பறித்த உயிர்கள் ஏறத்தாழ 10 லட்சம். சுமார் 17 லட்சம் பேர் மலாவி முதலிய அண்டை நாடுகளில் அகதிகளானார்கள்.

இவ்வளவையும் வெளியாரின் கைவேலை என்று தள்ளிவிட முடியாது. ஆளும் ஃப்ரெலிமோ கட்சி விவசாயிகளைச் சொந்த நிலத்திலிருந்து பெயர்த்துக் கூட்டுக் கிராமங்களில் குடியமர்த்தியது. ஊர்த் தலைவர்களின் அதிகாரத்தைப் பிடுங்கியது. தேவாலயச் சொத்துகளை எடுத்துக்கொண்டது. எதிர்த்துப் பேசியவர்களை 'மறுகல்வி' முகாம்களுக்கு அனுப்பியது. நாட்டின் நடுப்பகுதியில் ரெனாமோவுக்கு உண்மையான ஆதரவு கிடைத்தது இதனால்தான். அரசு இதை ஏற்க மறுத்தது. அதன் பார்வையில் ரெனாமோக்காரர்கள் 'ஆயுதம் ஏந்திய கொள்ளையர்'. கொள்ளையரோடு எந்த அரசாவது பேசுமா? மொசாம்பிக்கின் சமாதானம் பல ஆண்டுகள் முட்டி நின்றது இந்த இடத்தில்தான்.

1980-களின் கடைசியில் இரு தரப்புக்கும் மூச்சு வாங்கியது. சோவியத் உதவி வற்றிக்கொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவிலும் காற்று மாறியது. ரயில் பாதைகளைக் காக்க ஜிம்பாப்வே துருப்புகள் தேவைப்படும் அளவுக்கு அரசுப் படை தளர்ந்திருந்தது. கிராமங்களைப் பிடித்துவைத்திருந்த ரெனாமோவால் நகரங்களை நெருங்க முடியவில்லை. இரு தரப்பையும் பேசவைக்கக் கென்ய அதிபர் மோயும் ஜிம்பாப்வேயின் முகாபேயும் முயன்று பார்த்தார்கள். 1990 ஜூனில் மலாவியின் பிளான்டைர் நகரில் ஒரு சந்திப்புக்கு ஏற்பாடானது. அரசுத் தரப்பு போய்க் காத்திருந்தது; ரெனாமோ வரவில்லை. அண்டை நாட்டுத் தலைவர்கள் ஒவ்வொருவரையும் யாராவது ஒரு தரப்பு சந்தேகித்தது. அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருந்தது.

இந்த இடத்தில்தான் பெய்ரா நகரின் பேராயர் ஜைமே கொன்சால்வெஸ் வருகிறார். இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் இவர். 1988-ல், அரசு கொள்ளையர் என்று தூற்றிய காலத்திலேயே, ரகசியமாகப் பயணம் செய்து கோரொங்கோசா காட்டுப் பகுதிக்குப் போய் ரெனாமோ தலைவர் அஃபோன்சோ த்லகாமாவைச் சந்தித்தார். இருவரும் ந்தாவு மொழி பேசும் பகுதியைச் சேர்ந்தவர்கள். போரில் களைத்த, பேசத் தயாராக இருக்கிற ஒருவரைத் தான் கண்டதாகத் திரும்பி வந்து சொன்னார் பேராயர். போர்க்காலத்தில் எதிர்ப்பக்கத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொல்வதற்குக் களத்தில் நிற்பதைவிடக் கூடுதல் துணிச்சல் வேண்டும்.

ரோமில் படித்த காலத்திலேயே கொன்சால்வெஸுக்கு சான்ட் எஜிதியோ என்ற குழுவோடு பழக்கம் இருந்தது. 1968-ல் ஆந்த்ரேயா ரிக்கார்தி என்ற பள்ளி மாணவர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய கத்தோலிக்கப் பொதுநிலையினர் குழு அது. ரோமின் புறநகர்க் குடிசைகளில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுதான் ஆரம்பப் பணி. நகரின் திராஸ்தேவரே பகுதியில் ஒரு பழைய கார்மேல் மடம் அவர்களுடைய இருப்பிடம். அவர்களிடம் படையோ கஜானாவோ கிடையாது. எந்தத் தரப்பையும் மிரட்டவும் முடியாது. ஆனால் பல ஆண்டுகளாக மொசாம்பிக்குக்கு உணவும் மருந்தும் அனுப்பிவந்ததால் அரசுக்கு அவர்களைத் தெரியும். பேராயர் வழியாக ரெனாமோவுக்கும் தெரியும். அவர்களால் தனக்கு ஆபத்து வரும் என்று இரு தரப்பில் எதுவும் அஞ்சவில்லை.

1990 ஜூலை 8 அன்று இரு குழுக்களும் அந்த மடத்துக்கு வந்தன. அரசுத் தரப்புக்குத் தலைவர் அமைச்சர் அர்மாண்டோ கெபுசா. எதிரே ரெனாமோவின் ரவுல் டொமிங்கோஸ். அவர்களோடு அமர்ந்தவர்கள் நால்வர்: ரிக்கார்தி, பாதிரியார் மத்தேயோ சுப்பி, பேராயர் கொன்சால்வெஸ், இத்தாலிய அரசின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினர் மாரியோ ரஃபாயெல்லி. முதலில் இவர்கள் நடுவர்கள்கூட இல்லை, வெறும் பார்வையாளர்கள். வேறு நடுவர் யார் என்பதில் ஒத்துப்போக முடியாத இரு தரப்பும், சில மாதங்கள் கழித்து இவர்களையே நடுவர்களாக இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டன. முதல் சந்திப்பு முடிந்து வெளிவந்த கூட்டறிக்கையில், தாங்கள் ஒரே மொசாம்பிக் குடும்பத்தின் பிள்ளைகள் என்று இரு தரப்பும் கையெழுத்திட்டன. கொள்ளையர் என்ற பட்டம் அந்தத் தாளோடு போயிற்று. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான் பேசக்கூடியவை ஆயின.

பேச்சு 27 மாதங்கள் நீண்டது. இந்த நீளத்தை அன்று பலர் கண்டித்தார்கள். ரோமில் இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1991-92-ல் ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுவதையும் கடும் வறட்சி வேறு வாட்டியது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்த மாதங்கள் வீணாகவில்லை என்றுதான் நான் எண்ணுகிறேன். காட்டில் வளர்ந்த ரெனாமோக்காரர்களுக்குத் தேர்தல் சட்டம், கட்சிப் பதிவு, நாடாளுமன்றம் எல்லாமே புதிது. அவர்கள் ஒரு படையாக ரோமுக்கு வந்தார்கள். கட்சியாக மாற அவர்களுக்குக் காலம் தேவைப்பட்டது. நடுவர்கள் பொறுத்திருந்தார்கள். இதற்கிடையில் மொசாம்பிக் அரசு 1990 நவம்பரில் பல கட்சி முறைக்கு இடம்தரும் புதிய அரசியல் சட்டத்தையும் கொண்டுவந்துவிட்டது.

பணமும் பேசியது. இதைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள், நான் கூச்சப்படவில்லை. ஆயுதத்தைக் கீழே வைத்தால் நாளைக்குச் சோறு எங்கே என்ற கேள்விக்கு ஒரு படைத் தலைவனிடம் பதில் இருக்க வேண்டும். ரெனாமோ கட்சியாக மாறுவதற்கென்றே ஒரு அறக்கட்டளை நிதி வைக்கப்பட்டது. பெரும்பகுதியை இத்தாலி கொடுத்தது. மொத்தம் சுமார் 1.7 கோடி டாலர் சேர்ந்தது. தலைநகர் மபுத்தோவில் வீடு, அலுவலகம், வண்டி என்று செலவானது. லஞ்சம் கொடுத்து வாங்கிய சமாதானம் என்று சிலர் ஏளனம் செய்தார்கள். 10 லட்சம் பேரைத் தின்ற ஒரு போரின் பக்கத்தில் 1.7 கோடி டாலரை வைத்துப் பாருங்கள்.

கையெழுத்தான பிறகுதான் அங்கோலாவின் பாடம் உதவியது. அங்கே ஐ.நா. மிகச் சிறிய குழுவை அனுப்பியிருந்தது. இரு படைகளும் கலைக்கப்படாமலே தேர்தல் நடந்தது. தோற்றவர் போய்ச் சேர ஒரு படை காத்திருந்தது. மொசாம்பிக்குக்கு ஐ.நா. அனுப்பிய சிறப்புப் பிரதிநிதி அல்டோ அயெல்லோ, முதலில் படைகள் கலைய வேண்டும், பிறகுதான் வாக்குச்சீட்டு என்பதில் உறுதியாக நின்றார். அதனால் ஒப்பந்தப்படி ஓராண்டுக்குள் நடந்திருக்க வேண்டிய தேர்தல் 1994 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. தாமதம் என்று பத்திரிகைகள் எழுதின. 6,000-க்கும் மேற்பட்ட ஐ.நா. படையினர் நாட்டில் இருந்தார்கள்.

நாடு முழுவதும் 49 இடங்களில் இரு தரப்புச் சிப்பாய்களையும் கூட்டினார்கள். துப்பாக்கியை ஒப்படைத்தவருக்கு ஓர் அடையாள அட்டை, சாதாரண உடை, ஊர் போய்ச் சேர வண்டி வசதி. பிறகு இரண்டு ஆண்டுகளுக்குச் சம்பளப் பணம். முதல் ஆறு மாதத்துக்கு அரசு கொடுத்தது, மீதி 18 மாதத்துக்கு உதவி நாடுகள் கொடுத்தன. அந்தப் பணத்தைத் தன் ஊருக்குப் பக்கத்து வங்கிக் கிளையில் போய்த்தான் வாங்க முடியும். சிப்பாயை அவன் கிராமத்தோடு கட்டிப்போட்ட ஏற்பாடு அது. 1994-ல் பல முகாம்களில் கலவரம் வெடித்தது. புதிய கூட்டுப் படையில் எங்களைச் சேர்க்காதே, வீட்டுக்கு அனுப்பு என்பதுதான் பெரும்பாலோரின் கோரிக்கை. 30,000 பேர் கொண்ட படை என்று ஒப்பந்தம் சொன்னது. அதில் பாதிப் பேர்கூடச் சேரவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் இழுத்துப்போகப்பட்டு இளமையைக் காட்டில் தொலைத்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

ஊர்கள் அவர்களை ஏற்றுக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். மொசாம்பிக்கில் உண்மை அறியும் ஆணையம் எதுவும் அமைக்கப்படவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான சில நாட்களிலேயே பொது மன்னிப்புச் சட்டம் வந்துவிட்டது. கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்த வெற்றிடத்தைக் கிராமங்கள் தங்கள் சடங்குகளால் நிரப்பின. சில ஊர்களில், போரிலிருந்து திரும்பிய பையனை ஊருக்கு வெளியே ஒரு சிறு புல் குடிசைக்குள் அனுப்புவார்கள். அங்கே அவன் காட்டில் உடுத்திய அழுக்குத் துணிகளைக் கழற்றிப் போடுவான். குடிசைக்குத் தீ வைக்கப்படும். சொந்தக்காரர் ஒருவர் கைபிடித்து அவனை வெளியே அழைத்து வருவார். மூலிகை நீரில் குளிப்பாட்டி வீட்டுக்குள் சேர்ப்பார்கள். அங்கே என்ன செய்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நீதி கிடைத்ததா என்றால் இல்லை. கணவனையும் பிள்ளையையும் இழந்த பெண்களுக்கு இந்த மௌனம் எவ்வளவு பெரிய சுமை என்பதை மறந்துவிட்டு இதைப் புகழக் கூடாது. ஆனால் அந்தப் பையன்களில் பெரும்பாலோர் உழவர்களாக மாறினார்கள்.

தேர்தல் 1994 அக்டோபர் 27 அன்று தொடங்கவிருந்தது. அதற்கு முந்தின நாள் த்லகாமா புறக்கணிப்பு அறிவித்தார். அங்கோலா திரும்பி வந்துவிட்டது என்று எல்லோரும் நடுங்கினார்கள். ஐ.நா.வும் அண்டை நாடுகளும் வல்லரசுகளும் சேர்ந்து பேசிப் பேசி அவரைத் திருப்பினார்கள்; வாக்குப்பதிவு மேலும் ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. பதிவு செய்த வாக்காளர்களில் கிட்டத்தட்ட 88 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். அதிபர் ஜோவாகிம் சிசானோ 53 விழுக்காடு பெற்று வென்றார். த்லகாமாவுக்கு 34. நாடாளுமன்றத்தில் ஃப்ரெலிமோவுக்கு 129 இடம், ரெனாமோவுக்கு 112. தோற்றவர் காட்டுக்குத் திரும்பவில்லை. காட்டில் படை கலைந்திருந்தது. மபுத்தோவில் நாற்காலி இருந்தது.

இத்தோடு நிறுத்தினால் இது வெற்றிக் கதை. பல நூல்களும் இங்கேதான் நிறுத்துகின்றன. ஆனால் ரோமில் அரைகுறையாக விட்ட ஒன்று இருந்தது. த்லகாமாவின் ஆயுதமேந்திய மெய்க்காவல் படை கடைசிவரை கலைக்கப்படவில்லை. வென்றவருக்கே மாகாண ஆளுநர் பதவிகள் எல்லாம் போயின. ரெனாமோ அதிக வாக்கு வாங்கிய நடு மாகாணங்களிலும் ஃப்ரெலிமோவின் ஆட்களே ஆளுநர்கள். படையிலிருந்த முன்னாள் ரெனாமோ அதிகாரிகள் ஓரங்கட்டப்பட்டார்கள். 2005-ல் அதிபரானவர், மடத்தில் டொமிங்கோஸுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அதே கெபுசா. மேசையில் விட்டுக்கொடுத்தவர் ஆட்சியில் விட்டுக்கொடுக்கவில்லை. 2012-ல் த்லகாமா கோரொங்கோசாவுக்கே திரும்பிப் போனார்; 2013-ல் துப்பாக்கிச் சத்தம் மறுபடி கேட்டது.

அவர் 2018 மே மாதம் அங்கேயே இறந்தார். 2019 ஆகஸ்டில் அன்றைய அதிபர் நியூசியும் ரெனாமோவின் புதிய தலைவர் மொமாடேவும் இன்னொரு ஒப்பந்தம் போட்டார்கள். இந்த முறை ஆளுநர்களைத் தேர்ந்தெடுக்க வழி செய்திருந்தார்கள். போராளிகளுக்கு ஓய்வூதியம் உண்டு என்றும் சொன்னார்கள். 5,221 பேர் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். ரெனாமோவின் கடைசி முகாம் 2023 ஜூனில் மூடப்பட்டது. ரோமில் கையெழுத்திட்டு அதற்குள் 30 ஆண்டுகள் கடந்துவிட்டன. வடக்கே காபோ டெல்காடோ மாகாணத்தில் 2017-லிருந்து வேறொரு கிளர்ச்சி எரிந்துகொண்டிருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான்: 1992-ல் ரோமில் நடந்தது நல்ல வேலை, ஆனால் பாதி வேலை. அன்று அந்த மேசையில் அமர்ந்த பாதிரியார் சுப்பி இன்று கர்தினால். 2023-ல் உக்ரைன் போருக்காக கீவுக்கும் மாஸ்கோவுக்கும் போப் அனுப்பிய தூதர் அவர்தான்.

(தொடரும்)