தோழனுக்காக எழுதும் விண்ணப்பம்

போரிற் புண்பட்டு வீடு மீண்ட மறவனைப் பேய் அணுகாதவாறு அவன் மனைவி காத்துநிற்றலைத் தொடாக்காஞ்சி என ஒரு துறையாகவே வகுத்துவைத்தது தொல்காப்பியம். மாண்டோர்க்கு நடுகல் நாட்டிய எம் முன்னோர், மாளாது மீண்டோரின் புண்ணையும் மறந்தாரல்லர். இற்றைநாள் வன்னிப் பெருநிலத்தில் அந்தப் புண்ணைக் காக்கும் பணி மனைவியரோடும் தாய்மாரோடும் முடிந்துவிடுவதன்று. கடதாசியும் பேனாவும் கொண்டு நண்பர்கள் செய்யவேண்டிய பகுதியும் அதில் உண்டு. எமது கல்லூரியின் பழைய மாணவருட் சிலருக்காகக் கடந்த சில ஆண்டுகளில் நாம் விண்ணப்பம் எழுதிப் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, அப்பணியைச் செய்யும் முறையை இவ்விழா மலரில் விளக்க முற்படுகின்றோம்.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். அவர் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. எம்மிற் சிலர் கல்லூரி வாங்கில் மட்டுமன்றிக் காவலரணிலும் அவரோடு இருந்தோம். 2009இல் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தார். முதுகில் எறிகணைச் சிதறல்கள் இன்னும் இருக்கின்றன. புனர்வாழ்வு பெற்று விடுதலையானபின் கூலிவேலையும் கோழிவளர்ப்புமாகக் காலங் கழித்தார். இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நாம் சென்று சொன்னபோது, "மச்சான், என்ர காலுக்கு விலை கேட்டுக் கடிதம் எழுதப் போறியோ?" என்று கேட்டார். அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல எம்மால் இயலவில்லை. விண்ணப்பப் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினோம். உதவ விரும்புவோர் கற்கவேண்டிய முதற்பாடம் அதுவே. படிவத்தோடு செல்லுதலாகாது, இருந்து கேட்பதற்குச் செல்லுதல் வேண்டும்.

எது யாருக்கு உரியது?

ஓய்வூதியம், இழப்பீடு, உதவிப்பணம் ஆகிய மூன்றையும் மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். ஓய்வூதியம் அரசு தன் படையினர்க்கு அளிப்பது. அரச படைகளிற் பணியாற்றி ஊனமுற்றோர்க்குச் சேவைப் பதிவேடு உண்டு. அவர்தம் நலனுக்கென 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ரணவிரு சேவா அதிகாரசபையும் உண்டு. எதிர்ப்பக்கத்தில் நின்றோர்க்கு அத்தகைய பதிவேடும் இல்லை, பணிமனையும் இல்லை.

ஆயினும் இழப்பீட்டின் வாயில் அவர்களுக்கு அடைபட்டதன்று. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் அளித்த அறிக்கையில், முன்னாட் போராளிகளையும் இறந்தோரின் உறவினரையும் இழப்பீட்டுக்கு உரியோராகக் கருதவேண்டும் எனப் பரிந்துரைத்தது. பின்னர் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க இழப்பீடுகளுக்கான அலுவலகச் சட்டம், 1987 முதல் இருந்துவந்த புனர்வாழ்வு அதிகாரசபையின் இடத்தில் ஒரு புதிய அலுவலகத்தை நிறுவியது. வடக்குக் கிழக்கில் நிகழ்ந்த ஆயுதப் போரின்போதோ அதன் பின்விளைவாகவோ மனித உரிமைச் சட்டமும் மனிதாபிமானச் சட்டமும் மீறப்பட்டதனால் தீங்குற்றோரை அச்சட்டம் பாதிக்கப்பட்டோர் என வரையறுக்கின்றது. உயிரிழப்பு, உடலுறுப்பு இழப்பு, உடைமை இழப்பு என்பன அதன்கண் அடங்கும். பணமாக மட்டுமன்றிக் கடன்வசதி, தொழிற்பயிற்சி, உளவளத்துணை, வீடு என்னும் வடிவங்களிலும் இழப்பீடு அமையலாம். எனினும் அலுவலகம் வகுக்கும் கொள்கைகளுக்கு அமைச்சரவையின் அங்கீகாரம் வேண்டும். ஆகவே விண்ணப்பித்தவர் அனைவர்க்கும் உடனே பணம் கிட்டும் என்று வாக்களித்தல் பெரும் பிழை.

உதவிப்பணம் என்பது பிரதேச செயலகத்தின் வழியாக ஊனமுற்றோர்க்கு வழங்கப்படுவது. புண் எவ்வாறு வந்தது என்பது அதற்கு முக்கியமன்று. ஊனமும் வறுமையுமே முக்கியம். ஒன்றற்கு எழுதிய விண்ணப்பம் மற்றதற்கு எழுதியதாகாது. இரண்டையும் தனித்தனியே எழுதுதல் வேண்டும்.

நாளைக் கண்டுபிடித்தல்

விண்ணப்பத்தின் உயிர்நாடி மூன்று செய்திகளில் உள்ளது: எந்நாள், எவ்விடம், எங்கே சிகிச்சை. வன்னியில் இவற்றை நிறுவுதல் எளிதன்று. ஈராண்டு இடப்பெயர்வில் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கிளினிக் கொப்பியும் பதுங்குகுழிகளில் மண்ணோடு மண்ணாயின.

எம் மக்கள் நாளை நினைவில் வைத்திருப்பதில்லை. இடத்தை நினைவில் வைத்திருக்கின்றனர். "எப்போது காயப்பட்டீர்?" என்று கேட்டால் திகைப்பர். "எங்கே இருந்தபோது?" என்று கேட்டால், "தருமபுரத்தாலை வெளிக்கிட்டு உடையார்கட்டிலை இருக்கேக்கை" என்று தயங்காது சொல்வர். அந்த இடங்களே எமக்கு நாட்காட்டி. கிளிநொச்சி நகரம் 2009 சனவரி 2ஆம் நாள் வீழ்ந்தது. புதுக்குடியிருப்பு மருத்துவமனை அவ்வாண்டு பெப்ரவரி முற்பகுதியிற் புதுமாத்தளனுக்கு இடம்பெயர்ந்தது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கப்பல்கள் பெப்ரவரி 10 முதல் மே 9 வரை காயமுற்றோரையும் நோயாளரையும் ஏற்றிச் சென்றன. போர் மே 18, 19ஆம் நாள்களில் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. இவற்றுக்கிடையே தோழரின் கதையைப் பொருத்தி வைத்தால் வாரக் கணக்கில் நாள் புலப்படும்.

நாள் தெரிந்தால் ஏட்டைத் தேடலாம். கப்பலிற் சென்றோரின் பதிவைத் திருகோணமலை, புல்மோட்டை எனச் சிகிச்சை பெற்ற இடங்களில் உசாவுதல் வேண்டும். ஓமந்தை வழியே வந்தோர் வவுனியா மருத்துவமனையிலும், செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமின் மருத்துவ நிலையங்களிலும் பதிவு பெற்றிருக்கலாம். புனர்வாழ்வு நிலையத்தில் இருந்தோர்க்கு விடுதலைப் பத்திரம் உண்டு. அதனைப் பெட்டியடியில் ஒளித்துவைத்திருப்பர். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திற் பெறலாம். வேறொன்றும் இல்லாதபோது எமது கல்லூரியின் சேர்வு இடாப்பு துணையாகும். பிறந்த நாளும் தந்தை பெயரும் விலாசமும் அதில் உள்ளன. பழைய இடாப்பு ஒன்று ஒருவரின் அடையாளத்தை மீட்டுத்தரும் என்பதை ஆசிரியப் பெருமக்கள் மனத்திற் கொள்வாராக.

தற்போதைய மருத்துவச் சான்றும் வேண்டும். "இடது கால் அகற்றப்பட்டது" என்னும் ஒருவரி போதாது. எவ்வளவு தூரம் நடக்க இயலும், எவ்வளவு பாரம் தூக்க இயலும், எத்தொழிலைக் கைவிட நேர்ந்தது என்பனவற்றை மருத்துவரிடம் தோழர் தாமே எடுத்துரைக்க நாம் தூண்டுதல் வேண்டும். எம்மவர் வலியை மறைத்துப் பழகியவர். "பரவாயில்லை, ஐயா" என்ற ஒரு சொல்லாற் சான்று பாழாகிவிடும். உடலில் உலோகச் சிதறல் உள்ளவர் காந்தப் புலப் படம் எடுக்குமுன் அதனை மருத்துவரிடம் தவறாது சொல்லுதல் வேண்டும். அது உயிரைப் பற்றிய செய்தி.

சாட்சியம்

ஏடு இல்லாதவிடத்துத் தோழனின் சொல்லே ஏடாகும். பிற நாடுகளும் இதனை உணர்ந்துள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் உடன் பணியாற்றிய வீரர் எழுதித்தரும் கூற்று ஆதாரமாக ஏற்கப்படுகின்றது. பிரித்தானியா 1943இல், காயம் சேவையால் வந்ததென வீரனே நிறுவவேண்டும் என்றிருந்த சுமையை அவன் தோளினின்று இறக்கியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல், வலிப்பு நோயினாற் படையினின்று நீக்கப்பட்ட தரம்வீர் சிங் என்பாரின் வழக்கில், சேரும்போது நோய்க்குறிப்பு இல்லையாயின் அவர் நலமாகவே சேர்ந்தார் எனக் கொள்ளவேண்டும் என்று தீர்த்தது. எமது நாட்டுச் சட்டமோ விண்ணப்பத்தின் உண்மையைச் சரிபார்க்கும் கடமையை அலுவலகத்துக்கு அளித்துள்ளது. ஆதலின் நாம் எழுதுவது சரிபார்ப்பைத் தாங்கவல்லதாக இருத்தல் வேண்டும்.

சத்தியக் கடதாசியில் நான்கு செய்திகள் போதும்: அவரை எவ்வாறு அறிவேன், காயமுறுமுன் அவர் எப்படி இருந்தார், நான் கண்ணாற் கண்டது எது, இன்று அவர் எப்படி இருக்கின்றார். "அவர் மிகவும் துன்புற்றார்" என்பது சாட்சியமன்று. "அவரைத் தறப்பாளில் இட்டு நால்வர் தூக்கிச் சென்றோம், நான் இடப்பக்க முன்தலைப்பைப் பிடித்தேன்" என்பது சாட்சியம். காணாததை எழுதுதல் கூடாது.

இதில் நாமே தவறினோம். எம் தோழரின் முதல் விண்ணப்பத்தில் நாளை ஊகித்து எழுதிவிட்டோம். பின்னர்க் கிடைத்த மருத்துவமனை அட்டை வேறொரு நாளைக் காட்டியது. விண்ணப்பம் திரும்பி வந்தது. திருத்தி எழுதப் பல மாதங்கள் கழிந்தன. எமது அவசரத்தின் விலையை அவர் கொடுத்தார்.

அதனினும் பெரிய தவறொன்றுக்குச் சிலர் ஆலோசனை கூறுவதுண்டு. போராளி என்பதை மறைத்துப் பொதுமகன் என எழுதிவிடுக என்பர். சத்தியஞ் செய்து பொய் உரைத்தால், ஒரு விடுதலைப் பத்திரம் அதனை உடைத்துவிடும்; மெய்யான காயமும் பொய்யாகிவிடும். அச்சமோ மெய்யானது, அதனை எள்ளுதல் தகாது. புனர்வாழ்வு பெறாதவரும் வழக்கு நிலுவையில் உள்ளவரும் கையொப்பமிடுமுன் வழக்கறிஞர் ஒருவரை உசாவுதல் நன்று. வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். எழுதுவதா விடுவதா என்பது அவரது முடிவு. கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதவேண்டுவதில்லை.

அனுப்பிய பின்

மூலப்பத்திரத்தை எவரிடமும் ஒப்படைத்தலாகாது. சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதியே போதும். தரகர்க்குப் பணங் கொடுத்தலாகாது. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பேணுதல் வேண்டும். விடை வராவிடின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், விண்ணப்பம் எந்நிலையில் உள்ளதென எழுத்தில் வினவலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுள் முடிவு சொல்லுதல் வேண்டும். இல்லையேல் மேன்முறையீடும், அதன்பின் ஆணைக்குழுவும் உண்டு. தமிழில் எழுதவும் தமிழில் விடை பெறவும் எமக்கு உரிமை உண்டு.

எம் தோழரின் விண்ணப்பம் இப்போது முறையாகச் சேர்ந்துள்ளது. அதன் முடிவை இன்னும் நோக்கியிருக்கின்றோம். ஆனால் அவரது பழைய கேள்விக்கு ஒருவாறு விடை கண்டோம். கால்களுக்கு விலை இல்லை. நிகழ்ந்தது நிகழ்ந்ததென ஓர் அரச ஏட்டிற் பதிதலே நாம் கேட்பது. இதனைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. சென்ற மாதம், கண்ணொளி இழந்த இன்னொரு பழைய மாணவருக்குச் சாட்சியம் வேண்டியபோது, அவரே ஊன்றுகோலோடு பேருந்தேறி வந்து கையொப்பமிட்டார்.

வள்ளுவர் நட்புக்கென ஐந்து அதிகாரங்கள் வகுத்து, அவற்றுள் ஒன்றுக்குப் பழைமை எனப் பெயரிட்டார். பழைய மாணவர் என்னும் எம் பெயருக்கும் அதுவே பொருளாதல் வேண்டும். எம்முள் மருத்துவர் உளர். சமாதான நீதவான்கள் உளர். செயலகங்களிற் பணிபுரிவோர் உளர். அழகிய கையெழுத்துடைய மாணவரும் உளர். ஒவ்வொருவரும் ஒரு தோழனின் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே சென்று, முதல்நாள் படிவமின்றி அமர்வாராக.