ஓடினால் குதிகாலைக் கவ்வுகிறதா உங்கள் செல்லம்?

நேற்றுவரை காலடியிலேயே சுருண்டு கிடந்த பார்டர் கோலி குட்டி, எட்டு மாதம் ஆனதும் ஆளே மாறிவிடுகிறது. பிள்ளைகள் ஓடினால் பாய்ந்துபோய் குதிகாலைக் கவ்வுகிறது. சைக்கிள், துடைப்பம், ஸ்கூட்டர் எதையும் விடுவதில்லை. ‘கடிநாய் ஆகிவிட்டது, யாருக்காவது கொடுத்துவிடலாம்’ என்று வீட்டில் பேச்சு கிளம்புகிறது. அதற்கு முன், அது ஏன் இப்படிச் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

ரத்தத்தில் ஊறிய வேலை

நம் ஊரில் கிடை போடுபவர்கள் பெரும்பாலும் காவலுக்குத்தான் நாய் வளர்ப்பார்கள். இங்கிலாந்து - ஸ்காட்லாந்து எல்லை மலைகளில் ஆடுகளை ஓட்டுவதே நாய்தான். 1893-ல் அங்கே நார்தம்பர்லாந்தில் பிறந்த ‘ஓல்டு ஹெம்ப்’ என்ற நாயைத்தான் பார்டர் கோலிகளின் மூதாதை என்கிறார்கள். குரைக்காமல், தலையைத் தாழ்த்தி, கண்ணாலேயே ஆட்டை நகர்த்துவது இந்த இனத்தின் பாணி.

உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது... இது ஓநாயின் வேட்டை வரிசை. மேய்ப்பு நாய்களில் முதல் மூன்றையும் வளர்த்து, கொல்வதை மட்டும் மனிதர்கள் அடக்கினார்கள். மாடு ஓட்டும் கார்கி போன்ற இனங்களுக்குக் குதிகாலைக் கவ்வுவதும் வேலையில் சேர்த்தி. ஆடே இல்லாத அப்பார்ட்மென்ட்டில், ஓடும் பிள்ளைதான் அதற்கு ஆடு!

இதுவும் ‘டீன் ஏஜ்’தான்

ஏறக்குறைய 6 மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை நாய்க்கு விடலைப் பருவம். 2020-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், 5 மாதத்தில் சொல்பேச்சு கேட்ட நாய்கள், 8 மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் மட்டும் அவ்வளவாகக் கேட்கவில்லை. அந்நியர் சொன்னபோது கேட்டன! நம் வீட்டுப் பிள்ளைகள் கதைதான். இந்தப் பருவம் கடந்துவிடும். ஆனால், துரத்தும் பழக்கம் தானாகப் போகாது. துரத்துவதே அதற்குச் சுகம் என்பதால், ஒவ்வொரு துரத்தலிலும் பழக்கம் இறுகும்.

என்ன செய்யலாம்?

* அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். அது நாயை இன்னும் உசுப்பிவிடும், அல்லது பயந்து நிஜமாகவே கடிக்கவைக்கும்.

* பிள்ளைகள் ஓடி விளையாடும் நேரத்தில் நாயைத் தடுப்புக்கு அந்தப் பக்கமோ, லீஷிலோ வையுங்கள்.

* நாய் துரத்தினால் ஓடாமல், கைகளை மடக்கிக்கொண்டு மரம்போல அசையாமல் நிற்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஓட்டம் நின்றால் விளையாட்டும் நின்றுவிடும்.

* தலையைத் தாழ்த்தி, உறைந்து, உற்றுப் பார்க்கிறதா? அந்த நொடியிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பினால் உடனே ஒரு துண்டு கோழிக்கறி. ஸ்கூட்டரை முதலில் தூரத்திலிருந்து பார்க்கவைத்து, நாள்போக்கில் தூரத்தைக் குறையுங்கள்.

* மாற்று வேலை கொடுங்கள். நீளக் கம்பில் கயிறு கட்டி, நுனியில் துணி முடிந்து துரத்தவிடலாம். நடுநடுவே ‘நில்’, ‘விடு’ பழக்குங்கள். தின்பண்டத்தை ஒளித்துவைத்து மோப்பம் பிடிக்கச் செய்யலாம். அமெரிக்காவின் ‘சேஸர்’ என்ற பார்டர் கோலி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டது. அந்த மூளைக்குத் தீனி வேண்டாமா?

* மணிக்கணக்கில் பந்து எறிவது சிலவற்றுக்கு வெறியைத்தான் கூட்டும். அளவோடு விளையாடி, பகலிலும் தூங்கவிடுங்கள். அடர்ந்த ரோமம் உள்ள இனம் என்பதால், நம் வெயிலுக்கு அதிகாலையும் இரவும்தான் நடைக்கு ஏற்றவை.

இதை மட்டும் மறக்காதீர்கள்

விளையாட்டுக்குக் கவ்வியதுதானே என்று அலட்சியம் வேண்டாம். பல் பட்டுத் தோல் கீறினால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், உங்களுக்கு ஊசி வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தையையும் நாயையும் ஒருபோதும் தனியே விடாதீர்கள். யாரும் ஓடாதபோதும் உறுமிப் பாய்ந்தால், அது மேய்ப்புக் குணம் அல்ல. வலியாகவோ பயமாகவோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

படத்தில் பார்த்து ஆசைப்பட்டு இந்த இனத்தை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தினமும் அதற்கென இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடியுமா என்று முதலில் வீட்டில் பேசி முடிவெடுங்கள். வேலை கொடுக்காவிட்டால், அதுவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும்!